அலை, பொம்மை, கிண்ணம்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஜப்பானிய மரப்பலகை அச்சுப் படங்கள் இரண்டை வெளியிட்டிருந்தோம். அதைத் தொட்டு வந்த கேள்விகள் ஜப்பானோடு நிற்காமல் சீனா, கொரியா என்று போய்விட்டன. எல்லாவற்றுக்கும் இடமில்லை. பலர் கேட்டவற்றையும், நானே பதில் எழுத ஆசைப்பட்டவற்றையும் எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெரிய நீல அலைப் படம் டீ-சர்ட், போன் கவர், பேக்கரிச் சுவர் என்று எங்கே திரும்பினாலும் இருக்கிறது. அதன் அசல் எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? (ஒரு வாசகர், கோவை)

அசல் என்று ஒன்று எங்கேயும் இல்லை. அதை வரைந்த ஓவியர் ஹொகுசாய் தன் கையால் தீட்டிய தாள் ஒன்று இருந்திருக்கும், ஆனால் அது பலகையைச் செதுக்கும்போதே அழிந்துவிடும். வேலை நடந்த விதம் அப்படி. ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் போட்டுக் கொடுப்பார். செதுக்குபவர் அதைக் குப்புறத் திருப்பி செர்ரி மரப் பலகையில் ஒட்டி, பின்பக்கத்தை நனைத்துத் தேய்த்து, கோடு தெரிகிற அளவுக்குத் தாள் மெலிந்ததும் தாளோடு சேர்த்து மரத்தைக் கொத்த ஆரம்பிப்பார். கோடுகள் மட்டும் மேடாக நிற்கும், மற்றதெல்லாம் பள்ளம். ஓவியம் மரத்தூளோடு போய்விடும். அப்புறம் அந்தக் கோட்டுப் பலகையிலிருந்து சில படிகள் எடுத்து, எங்கே எந்த நிறம் என்று குறித்து, நிறத்துக்கு ஒரு பலகையாகத் தனித்தனியே செதுக்குவார்கள்.

அச்சடிப்பவரிடம் யந்திரம் எதுவும் கிடையாது. பலகையில் தூரிகையால் சாயம் தடவி, ஈரப்படுத்திய தாளை மேலே பரப்பி, மூங்கில் மடல் சுற்றிய வட்டமான தேய்ப்பானால் தாளின் முதுகில் அழுத்தித் தேய்ப்பார், அவ்வளவுதான். ஒவ்வொரு பலகையிலும் ஒரு மூலையில் செங்கோணமாக ஒரு வெட்டு, அதே விளிம்பில் கொஞ்சம் தள்ளி நேராக இன்னொரு வெட்டு இருக்கும். தாளின் மூலையை அதில் முட்டுக்கொடுத்து வைத்தால் எத்தனை நிறம் அடித்தாலும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்காரும். இந்த இரண்டு சின்ன வெட்டுகள் இல்லையென்றால் ஜப்பானிய வண்ண அச்சே இல்லை.

இந்தப் படம் 1831 வாக்கில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், வெளிவந்தது. ஹொகுசாய்க்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது. பணம் போட்டவர் நிஷிமுராயா யொஹாச்சி என்ற பதிப்பாளர். எத்தனை நிறம், என்ன தாள், எத்தனை படி என்பதெல்லாம் பதிப்பாளர் கணக்கு. விலை இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிடுகிற காசு. சாமானியர்கள் வாங்கிச் சுவரில் ஒட்டினார்கள், கிழிந்தால் தூக்கிப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் அடித்ததில் மிஞ்சியவைதான் இன்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் மூன்று. 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் ஒரு படி 27 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தக் காசுக்கு எத்தனை கிண்ணம் என்று நீங்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் இந்தப் படத்தைப் பார்த்தால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, இடப்பக்க மேல்மூலையில் தலைப்பு எழுதிய கட்டம். பலகை தேயத் தேய அந்தக் கட்டத்தின் கோடு அங்கங்கே அறுந்துபோகும், அதை வைத்து முதலில் அடித்ததா, தேய்ந்தபின் அடித்ததா என்று சொல்லிவிடலாம். இரண்டாவது, படகுகள். அலை பிரமாதமாக இருப்பதால் அதற்கு அடியில் மூன்று படகுகள் இருப்பதையே பலர் பார்ப்பதில்லை. எடோ சந்தைக்கு மீன் கொண்டுபோகிற வேகப் படகுகள் அவை. துடுப்பைக் கட்டிக்கொண்டு வரிசையாகக் குனிந்து கிடக்கிறார்கள் ஆட்கள், முகம்கூட சரியாகத் தெரியாது. நடுவில் இன்னொரு சின்ன அலை போலத் தெரிகிற வெள்ளை முனைதான் ஃபியூஜி மலை. தொடரின் பெயரே 'ஃபியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்'. வியாபாரம் சூடு பிடித்ததால் இன்னும் 10 சேர்த்து 46 ஆக்கினார்கள், தலைப்பை மட்டும் மாற்றவில்லை.

வெளிநாட்டாரை விடாமல் ஜப்பான் இருநூறு வருடத்துக்கு மேல் கதவைச் சாத்திக்கொண்டது என்று பள்ளியில் படித்தோம். ஆனால் அந்த அலையின் நீலம் ஜெர்மனிச் சாயம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இரண்டும் எப்படிச் சரியாகும்? (ஒரு வாசகி, திருச்சி)

கதவு சாத்தியிருந்தது, சாவி அரசாங்கத்திடம் இருந்தது. நான்கு வழிகள் திறந்தே இருந்தன: நாகசாகியில் டச்சுக்காரர்களும் சீனர்களும், சுஷிமா தீவு வழியாகக் கொரியா, சத்சுமா வழியாக ரியூக்யூ தீவுகள், வடக்கே மத்சுமாயே வழியாக ஐனு மக்கள். டச்சுக்காரர்களை 1641 முதல் நாகசாகித் துறைமுகத்தில் தெஜிமா என்ற செயற்கைத் தீவில் அடைத்து வைத்திருந்தார்கள். விசிறி வடிவம், மொத்தமே நாலு ஏக்கர் தேறாது, கரைக்கு ஒரு பாலம், பாலத்தில் காவல். சீனர்கள் எண்ணிக்கையில் இவர்களைவிட அதிகம், அவர்களுக்கும் 1689இல் வேலி போட்டுத் தனிக் குடியிருப்பு கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் சொல்லும் சாயம் பெர்லினில் 1700களின் தொடக்கத்தில், சிவப்புச் சாயம் காய்ச்சப் போய்த் தற்செயலாகக் கிடைத்தது. அதுவரை எடோ அச்சுக்காரர்களிடம் இருந்த நீலம் இரண்டு. அவுரி நீலம் கொஞ்சம் மங்கல், கானாவாழை வகைப் பூவிலிருந்து எடுத்தது வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும், ஈரம் பட்டாலும் போச்சு. பெர்லின் நீலம் நிறம் விடாது, தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்தாலும் துலக்கமாக இருக்கும். முதலில் விலை எட்டவில்லை. டச்சுக்காரர்களோடு சீன வணிகர்களும் கொண்டுவந்து இறக்கியதில் 1820களின் கடைசியில் விலை சரிந்தது, உடனே எடோ பதிப்பாளர்கள் பாய்ந்தார்கள். ஃபியூஜித் தொடரின் முதல் படங்களில் வெளிக்கோட்டைக்கூட கறுப்பில் அடிக்காமல் நீலத்தில் அடித்தார்கள். புது மோகம்.

டச்சுக் கப்பலில் போன இன்னொரு சரக்கு நம் ஊர்க்காரர்களுக்கு ஆர்வமாக இருக்கும். சோழமண்டலக் கரையின் சித்திரத் துணி. டச்சுக்காரர்களின் கோட்டை பழவேற்காட்டில் இருந்த காலம் அது. ஜப்பானில் இந்தத் துணிக்கு சராசா என்று பெயர், மதிப்போ எக்கச்சக்கம். தேநீர்ச் சடங்குக்காரர்கள் துண்டு துண்டாக வாங்கித் தேயிலைக் குப்பிகளுக்குப் பை தைத்தார்கள். ஹிகொனே பிரபுக் குடும்பம் சேர்த்த நூற்றுக்கணக்கான துண்டுகள் இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் பக்கத்தில் இதே காலத்துச் சித்திரத் துணி இவ்வளவு பத்திரமாக இருக்கிறதா என்றால், கிழிந்ததும் கரித்துணியாக்குகிற ஊர் நம்முடையது. கோடுபோட்ட பருத்தித் துணி ஒன்று சாந்தோமின் பெயரிலேயே அங்கே விற்றது. ஜப்பானியரே நெய்ய ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பல வண்ண மர அச்சை ஜப்பான்தானே கண்டுபிடித்தது? (ஒரு வாசகர், பெங்களூரு)

இல்லை. நான்ஜிங்கில் ஹூ ஜெங்யான் என்பவர் 'பத்து மூங்கில் மனை' என்ற பெயரில் ஒரு ஓவியத் தொகுப்பை அச்சிட்டு 1633இல் முடித்தார். பூ, பழம், பறவை, பாறை எல்லாம் பல பலகைகளில் வண்ணம் ஏற்றி, ஈரத் தூரிகையில் வரைந்தது போலவே இருக்கும். 1679இல் தொடங்கி வந்த 'கடுகு விதைத் தோட்டம்' ஓவியப் பாடநூல் நாகசாகி வழியாக ஜப்பானுக்குப் போய் அங்கே மறுபதிப்பே கண்டது. அச்சுக்கலையிலேயே பின்னால் போனால் கொரியா வரும். உலோக எழுத்தில் அச்சாகி இன்று மிஞ்சியிருப்பதில் மிகப் பழைய புத்தகம் 1377இல் கொரியாவின் சோங்ஜுவில் அடித்த ஜிக்ஜி. அது இருப்பது பாரிஸில் என்பதில் கொரியர்களுக்கு இன்றுவரை வருத்தம்.

ஜப்பான் செய்தது வேறு. 1765இல் எடோவின் பணக்கார ரசிகர்களிடையே காலண்டர்ப் பைத்தியம் ஒன்று பரவியது. அன்றைய பஞ்சாங்கத்தில் சில மாதத்துக்கு 30 நாள், சிலவற்றுக்கு 29, எது எது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். காலண்டர் அச்சிடும் உரிமை சிலருக்கு மட்டும்தான். ஆகவே இவர்கள் மாத எண்களைப் படத்துக்குள் ஒளித்து வைத்தார்கள்: ஒரு பெண்ணின் உடைப் பூவேலையில், கொடியில் காயும் துணியின் மடிப்பில். யார் படம் அழகு என்று போட்டி, செலவைப் பார்க்கவில்லை. அந்தப் போட்டியில்தான் சுசுகி ஹருநொபு முழு வண்ண அச்சுக்குக் கை பழகினார். வருடம் முடிந்ததும் பதிப்பாளர்கள் அதே பலகைகளிலிருந்து எண்களை நீக்கிவிட்டு, கடையில் போட்டு விற்றார்கள். சீனாவில் படித்தவர் வீட்டு மேசையில் இருந்த நுட்பம் எடோவில் தெருக்கடைக்கு வந்தது இப்படித்தான். எனக்கு இந்த இரண்டாவது காரியம்தான் பெரிதாகப் படுகிறது.

போதிதர்மர் காஞ்சிபுரத்து இளவரசர் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஜப்பானில் அவரைக் கை கால் இல்லாத சிவப்புப் பொம்மையாக வைத்திருக்கிறார்களே, அவமானமாக இல்லையா? (ஒரு வாசகர், காஞ்சிபுரம்)

முதலில் காஞ்சி. சீன ஆவணங்களில் அவரைப் பற்றி மிகப் பழையது 547ஐ ஒட்டி லோயாங் நகரத்து மடாலயங்கள் பற்றி எழுதிய ஒரு குறிப்பு. அதில் அவர் பாரசீகப் பக்கத்திலிருந்து வந்த 150 வயதுத் துறவி. யொங்னிங் மடத்தின் கோபுரத்தைப் பார்த்து, இப்படி ஒன்றை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று நாள்கணக்கில் கைகூப்பி நின்றாராம். தென்னிந்தியர், ஒரு பெரிய அரசரின் மூன்றாவது மகன் என்று சொல்வது டான்லின் என்பவர் எழுதிய முன்னுரை. அதுவும் பழையதுதான். ஆக, தென்னிந்தியர் என்பதற்குப் பிடிமானம் உண்டு, காஞ்சி, பல்லவர் என்பதெல்லாம் பிற்காலத்தில் சேர்ந்தவை. ஷாவோலின் மடத்தில் சண்டைக் கலை கற்றுக்கொடுத்தார் என்பது இன்னும் பிந்தியது, 1624ஐ ஒட்டி வந்த ஓர் உடற்பயிற்சி நூலைப் பிடித்துக் கிளம்பிய கதை. சினிமாவை வைத்துச் சண்டைக்கு வராதீர்கள்.

இனி பொம்மை. ஒன்பது வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தே தியானம் செய்ததில் கால்கள் மரத்துச் செயலிழந்துபோயின என்று ஒரு கதை. தூக்கம் வந்ததற்காகக் கண்ணிமையை அறுத்து எறிந்தார், அது விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்று இன்னொன்று. ஆகவே காலும் கிடையாது, இமையும் கிடையாது, வெறித்த பார்வை. ஜப்பானில் இந்தத் தருமா பொம்மைகளில் பெரும்பங்கு தகசாகி என்ற ஊரில் தயாராகிறது. காகிதக்கூழ் உடம்பு, அடியில் கனம், நம் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி தட்டிவிட்டால் எழுந்துகொள்ளும். முகத்தை உற்றுப் பாருங்கள்: தகசாகித் தருமாவின் புருவம் இரண்டு நாரைகள், தாடி இரண்டு ஆமைகள், இரண்டுமே நீண்ட ஆயுளின் அடையாளம். சிவப்பு அங்கி துறவியுடையது என்றாலும், சிவப்பு நிறம் அம்மை நோயை விரட்டும் என்று நம்பியதால் குழந்தைகள் உள்ள வீடுகளில் இது அமோகமாக விற்றது. கண்கள் வெறுமையாக வரும். வேண்டுதலோடு ஒரு கண்ணுக்கு மை வைப்பார்கள், நிறைவேறினால் மறு கண். தேர்தலில் ஜெயித்த வேட்பாளர் கட்சி ஆபீஸில் காமிராக்கள் முன்னால் தருமாவுக்கு இரண்டாவது கண் எழுதுவது அங்கே வழக்கமான காட்சி. இதில் அவமானம் எங்கே இருக்கிறது?

அவரை வரைந்ததில் எனக்குப் பிடித்தது கொரிய ஓவியர் கிம் மியோங்-குக்கின் படம். கொரிய அரசு 1607க்கும் 1811க்கும் இடையில் பன்னிரண்டு முறை ஜப்பானுக்குத் தூதுக்குழு அனுப்பியது. ஒவ்வொன்றிலும் முன்னூறு, நானூறு பேர், ஓவியர்களும் உண்டு. 1636இல் போன கிம்முக்கு 'ஆளை விட்டால் போதும்' என்று ஆகிவிட்டது. இரவு பகலாக ஜப்பானியர்கள் படம் கேட்டு மொய்த்ததில் மனிதர் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார் என்று கூட வந்த அதிகாரியின் நாட்குறிப்பு சொல்கிறது. கொரியத் தலைநகர் சியோலில் உள்ள அந்தப் போதிதர்மர் படத்தைப் பார்த்தால் அது நம்பும்படிதான் இருக்கிறது. அங்கிக்கு நாலைந்து தடித்த இழுப்பு, மூக்கு, மீசை, முறைப்பு, முடிந்தது. வாசலில் கூட்டம் நிற்கும்போது வரைந்த கை.

நேரடியான தமிழ்த் தடம்தான் வேண்டும் என்றால் சீனாவின் சுவான்சௌ துறைமுகத்துக்குப் போங்கள். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது, குப்லாய் கான் காலம், சிவன் கோயிலைச் சேர்ந்தது. அந்த ஊர் கையுவான் என்ற பௌத்தக் கோயிலின் பின்பக்கத் தூண்கள் இரண்டில் நரசிம்மர் இருக்கிறார். இடிந்த கோயிலின் கற்களை எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். இதற்குப் பெருமைப்படுங்கள், யாரும் மறுக்க முடியாது.

சரஸ்வதி ஜப்பானில் இருக்கிறாள் என்பது வாட்ஸாப் வதந்தியா? (ஒரு வாசகி, மதுரை)

உண்மை. பென்சாய்தென் என்று பெயர், சீனா வழியாகப் பௌத்த நூல்களோடு போனவள். கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்புக் கருவி, அதன் மூதாதை பாரசீகம். நீர்க்கரைத் தெய்வம் என்பதை மட்டும் விடவில்லை: எனோஷிமா, சிகுபு தீவு, இத்சுகுஷிமா என்று அவளுடைய பெரிய கோயில்கள் தீவுகளில்தான். புதையல் கப்பலில் வரும் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் அவள் ஒருத்திதான் பெண். காமகுராவில் அவள் பெயரில் உள்ள குகை ஊற்றில் பணத்தைக் கழுவினால் பெருகும் என்று கூடையோடு வரிசையில் நிற்கிறார்கள். லட்சுமியின் இலாகாவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் போல.

ஜப்பான் பீங்கான் கலை கொரியாவிடமிருந்து திருடியது என்று என் கொரிய சக ஊழியர் சொல்கிறார். ஜப்பான் தோழி அதை மறுக்கிறாள். யார் சொல்வது சரி? (ஒரு வாசகி, சிங்கப்பூர்)

திருடியது கலையை அல்ல, ஆட்களை. 1592இலும் 1597இலும் ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷியின் படைகள் கொரியாவுக்குள் புகுந்தன. கொன்றவர்களின் மூக்கை அறுத்து உப்பில் போட்டு, தலைக்கணக்குக்காக ஜப்பானுக்கு அனுப்பினார்கள். கியோட்டோவில் அவற்றைப் புதைத்த மேடு இப்போதும் இருக்கிறது, ஹிதெயோஷியின் கோயிலுக்கு எதிரிலேயே. படை திரும்பும்போது பல்லாயிரம் கொரியர்களைச் சிறைபிடித்துக் கப்பலேற்றினார்கள். அதில் குயவர்கள் மேல் மேற்கு ஜப்பான் பிரபுக்களுக்குத் தனிக் கண். தேநீர்ச் சடங்கு உச்சத்தில் இருந்த நேரம், ஒரு நல்ல கிண்ணம் ஒரு கோட்டைக்குச் சமம் என்று பேசிக்கொண்ட காலம்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் யி சாம்-பியோங். 1616 வாக்கில் அரித்தா பக்கத்தில் இசுமியாமா குன்றில் பீங்கானுக்கான கல்லைக் கண்டுபிடித்தவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அதுவரை ஜப்பானில் மண்பாண்டமும் கல்பாண்டமும் உண்டு, வெள்ளைப் பீங்கான் கிடையாது. அந்த ஊர்க் கோயிலில் அவரையும் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள். வாசல் தோரணமே பீங்கான், வெள்ளையில் நீலக் கொடி. கோயில் படிக்கட்டுக்குக் குறுக்கே ரயில் போகும், பார்த்துத்தான் ஏற வேண்டும். சீனாவில் மிங் அரசு 1644இல் கவிழ்ந்து ஜிங்தெஜென் ஊர்ப் பீங்கான் உலைகள் தடுமாறியபோது, டச்சுக் கம்பெனி 1659இலிருந்து அரித்தாவுக்குப் பெரிய ஆர்டர்கள் கொடுக்க ஆரம்பித்தது. அதற்குள் அரித்தா சீன முறையில் சிவப்பு, பச்சை எனாமல் தீட்டவும் கற்றிருந்தது. ஆகக் கொரியச் சக்கரம், ஜப்பான் கல், சீன வண்ணம், வாங்குவது ஐரோப்பா. உங்கள் ஜப்பான் தோழி அரித்தாவின் நானூறு வருட உழைப்பைச் சொல்கிறாள், அது பொய்யில்லை. ஆனால் காட்சிப் பலகைகளில் 'கொரியாவிலிருந்து வந்த குயவர்கள்' என்று உல்லாசப் பயணம் வந்தது போல எழுதுகிறார்களே, அங்கே நான் உங்கள் சக ஊழியர் பக்கம்.

சத்சுமாவில் இன்னொரு குழு. 1598இல் பிடித்து வந்து நயெஷிரொகாவா என்ற ஊரில் குடிவைத்தார்கள். பிரபு உத்தரவால் கொரியப் பெயரும் உடையும் பேச்சும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. அங்கே சின் ஜுகான் என்ற பெயரை வரிசையாகச் சூடிக்கொள்ளும் குயவர் குடும்பத்தில் இப்போது பதினைந்தாவது ஆள் உலையில் நிற்கிறார்.

இதே சண்டையின் இன்னொரு முனையில் ஒரு கிண்ணம். கியோட்டோவின் தைதொகுஜி வளாகத்துக் கோஹோ-ஆன் துணைமடத்தில், பெட்டிக்குள் பெட்டியாக வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கிசாயெமோன் கிண்ணம் என்று பெயர், ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். செய்தது 16ஆம் நூற்றாண்டில், பேர் தெரியாத கொரியக் குயவர். வாய் பதினைந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பழுத்த மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். சக்கரத்தில் விரல் இழுத்த வரிகள் வெளியே அப்படியே தெரியும், அவசர வேலை. அடிப்பாதத்தைச் சுற்றி மெருகு சரியாக உருகாமல் சுருண்டு முத்து முத்தாக நின்றுவிட்டது. அதுதான் தேநீர்க்காரர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிற இடம். வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கட்டி வந்து படுத்தியது என்று ஒரு சாபக் கதை வேறு, மடத்துக்குக் கொடுத்துவிட்டதே அதனால்தான் என்பார்கள்.

இதை 1931இல் பார்த்த ஜப்பானியக் கைவினைச் சிந்தனையாளர் யானகி முனெயோஷி, எவ்வளவு சாதாரணமான கிண்ணம் என்று மலைத்துப்போய், சாதாரணம் என்பதாலேயே அழகு என்று எழுதினார். ஏழை வீட்டுச் சோற்றுக் கிண்ணம் என்பது அவர் கட்சி. வீட்டுச் சடங்குக்குச் செய்த பாத்திரமாக இருக்கலாம் என்று கொரிய ஆய்வாளர்கள் சிலர் மறுக்கிறார்கள். யானகி கொரியாவின் அழகை 'சோகத்தின் அழகு' என்று வர்ணித்தது பின்னாளில் கொரியர்களுக்கு எரிச்சலூட்டியது, நியாயம்தான். ஆனால் சியோலின் குவாங்வாமுன் கோட்டைவாசலை ஜப்பானியக் காலனி அரசு இடிக்கப் பார்த்தபோது 1922இல் எதிர்த்து எழுதிய ஜப்பானியர் அவர். வாசல் இடிபடாமல் வேறு இடத்துக்கு நகர்ந்தது. அதன் பின்னால் அரண்மனையை மறைத்து எழுப்பிய ஜப்பானிய ஆளுநர் மாளிகையைக் கொரியர்கள் 1995இல் இடிக்கத் தொடங்கினார்கள், விடுதலையின் ஐம்பதாவது ஆண்டு நாள் பார்த்து.

உடைந்த பாத்திரத்தைத் தங்கத்தால் ஒட்டும் கின்சுகியை வீட்டில் செய்யலாமா? (ஒரு வாசகி, சென்னை)

கடையில் விற்கிற கிட் எல்லாம் பெரும்பாலும் எப்பாக்சிப் பசையும் தங்கநிறத் தூளும். அலமாரியில் வைக்க நன்றாக இருக்கும், அதில் சாப்பிட வேண்டாம். உண்மையான கின்சுகியில் ஒட்டுவது தங்கம் இல்லை, உருஷி என்ற மரப்பால் அரக்கு. தங்கத்தூள் கடைசியில் மேலே தூவுவது. அரக்கு வெயிலில் காயாது, ஈரப்பதமான பெட்டிக்குள் வைத்தால்தான் இறுகும். பல அடுக்கு என்பதால் வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம். நம் சேராங்கொட்டையும் முந்திரியும் மாவும் இதே குடும்பத்து மரங்கள், சேராங்கொட்டைப் பாலில் சுட்டுக்கொண்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'உடைந்தால்தான் அழகு' என்று கின்சுகிப் படம் போட்டு வாழ்க்கைத் தத்துவம் பரப்புகிறவர்களிடம் ஒருமுறை அரக்குக் கையுறையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கிமோனோ, கொரிய ஹன்போக், சீன ஹன்ஃபூ: யார் யாரைக் காப்பியடித்தார்கள்? (ஒரு வாசகர், சேலம்)

இணையத்தில் இந்தச் சண்டை ஓயாது. மூன்றிலும் கழுத்து குறுக்காக மடிவது சீனத்திலிருந்து பரவியது. இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்த வேண்டும் என்று ஜப்பான் அரசவை 719இல் ஆணையே போட்டது, டாங் சீனத்தைப் பார்த்து. அதற்குப் பிறகு ஆயிரம் வருடம் அவரவர் வெட்டித் தைத்து வேறு வேறாகிவிட்டன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஜப்பான் போய் வாடகைக்குக் கிமோனோ எடுத்தால் வலப்பக்கத்தை மேலே போடாதீர்கள், அது பிணத்துக்கு.

ஜப்பானின் 12ஆம் நூற்றாண்டுத் தவளை–முயல் சுருளோவியம்தான் முதல் மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், என்று என் மகன் அடித்துச் சொல்கிறான். சரியா? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

தம்பியின் ஆர்வம் நல்லது. கியோட்டோ கோசான்-ஜி மடத்துச் சுருளில் முயலைத் தவளை தூக்கி எறிந்து, வாயிலிருந்து மூச்சுக் கோடு பறக்க நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது மடத்துக்குள் சிலர் பார்த்தது. தோள் அகலத்துக்கு விரித்து, பார்த்ததை வலது கையால் சுருட்டிக்கொண்டே இடப்பக்கம் நகர வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர். சுருளோவியமே சீனத்திலிருந்து வந்ததுதான். ஜாங் சதுவானின் 12ஆம் நூற்றாண்டு ஆற்றங்கரைச் சுருள் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம், உயரம் 25 சென்டிமீட்டர்கூட இல்லை. சுருளுக்கும் மாங்காவுக்கும் நேர்க்கோடு போடுவது ஜப்பான் சுற்றுலாத் துறைக்கு வசதி, வரலாற்றுக்கு அவ்வளவு வசதியில்லை.

மாங்காவின் கிட்டத்து உறவினர்கள் வேறு. யோகோஹாமாவில் சார்லஸ் விர்க்மன் என்ற ஆங்கிலேயர் 1862இல் தொடங்கிய கேலிச்சித்திரப் பத்திரிகை, அதன் வழியில் வந்த செய்தித்தாள் படக்கதைகள், பிறகு காமிஷிபாய். இந்தக் கடைசியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1930களில் சைக்கிள் பின்னால் மரச் சட்டகத்தைக் கட்டிக்கொண்டு ஒருவர் தெருமுனைக்கு வருவார், இரண்டு கட்டைகளைத் தட்டுவார், பிள்ளைகள் ஓடிவரும். முதலில் மிட்டாய் வியாபாரம். வாங்கிய பிள்ளைக்கு முன்னிடம், வாங்காதது பின்னால் நின்று எட்டிப்பார்க்கலாம். சட்டகத்தில் அட்டைப் படங்களை ஒவ்வொன்றாக உருவி உருவிக் குரல் மாற்றிக் கதை சொல்லுவார், வில்லன் கத்தியை ஓங்கும் நேரத்தில் 'மீதி நாளைக்கு'. பாதி உருவி நிறுத்துவது, சட்டென்று முழுதாக இழுப்பது என்று படத்தின் வேகமே அவர் கையில். தங்க வௌவால் என்ற மண்டையோட்டு முக நாயகன் இப்படித் தெருவில் பிறந்தவன். 1953இல் தொலைக்காட்சி வந்ததும் இந்தத் தொழில் படுத்துவிட்டது, வரைந்தவர்களில் பலர் மாங்காவுக்குப் போனார்கள். 'தொடரும்' போட்டு ஆளைத் தவிக்கவிடும் வித்தை யாரிடமிருந்து வந்தது என்று மகனிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் டோக்கியோ போகாமல் எங்கே பார்ப்பது? (ஒரு வாசகர், விழுப்புரம்)

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஜப்பானுக்கும் சீனாவுக்கும் தனிக் கூடங்கள் உண்டு. மும்பை சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்தில் டாட்டா குடும்பத்தார் கொடுத்த சீன, ஜப்பானியச் சேகரிப்பு இருக்கிறது. மர அச்சுப் படம் என்றால் இணையமே மேல். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியமும் பெரிய அளவுப் படங்களை இலவசமாக வைத்திருக்கின்றன. ஹிரோஷிகேயின் 1857ஆம் ஆண்டுப் பாலத்து மழைப் படத்தைத் தேடி எடுத்து, போனில் வேண்டாம், கணினித் திரையில் பெரிதாக்குங்கள். மழை இரண்டு சாய்வில் விழும். ஒவ்வொரு தாரையும் மரத்தில் மேடாக விட்டுச் சுற்றிலும் செதுக்கி எடுத்த கோடு. செதுக்கியவர் பெயர் பெரும்பாலான படங்களில் இருக்காது. ஹிரோஷிகேயின் பெயரும் பதிப்பாளரின் முத்திரையும் எங்கே இருக்கின்றன என்று மட்டும் தேடிப் பாருங்கள்.